கண்ணீர் வரலைன்னா அது ஆராதனை இல்லையா? - கிறிஸ்தவத்தில் 'உண்மையான ஆராதனை' என்பது எது?

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆராதனை தொடங்கி அரை மணி நேரம் ஆகிவிட்டது. கீபோர்டு மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது. முன்வரிசையில் ஒரு அக்கா கண்ணை மூடி அழுதுகொண்டே பாடுகிறார். பக்கத்தில் நிற்கும் நண்பன் இரண்டு கைகளையும் உயர்த்தியிருக்கிறான். உங்கள் மனசிலோ ராத்திரி பார்த்த மேட்ச், நாளைக்கு சப்மிட் பண்ண வேண்டிய ரெக்கார்டு நோட்டு, பாக்கெட்டில் வைப்ரேட் ஆகிற போன். எல்லாரும் கை உயர்த்துறாங்களேன்னு நீங்களும் உயர்த்துறீங்க. உடனே உள்ளே ஒரு குரல் கேட்குது: 'டேய், நீ நடிக்கிற.'

சர்ச்சுக்குப் போகிற இளைஞர்கள் நிறைய பேருக்கு இந்தக் குரல் பழக்கம்தான். சிலர் அதைக் கேட்காத மாதிரி இன்னும் சத்தமாகப் பாடுவார்கள். சிலர் 'நமக்கு இதெல்லாம் செட் ஆகாது' என்று மெதுவாகச் சர்ச்சுக்கு வருவதையே நிறுத்திவிடுவார்கள். ஆனால், உண்மையான ஆராதனை எது, போலி எது என்ற கேள்வி உங்களிடமிருந்து ஆரம்பிக்கவில்லை. பைபிளே இந்தக் கேள்வியோடு பக்கம் பக்கமாக மல்லுக்கட்டுகிறது. அதுவும் நாம் நினைக்கிற இடத்தில் இல்லை, வேறு இடத்தில். கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம், வாங்க.

முதல்ல அந்தச் சொல்

நம்ம ஊரில் சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் ஞாயிறு காலை நடக்கிற முழு நிகழ்ச்சிக்கும் 'ஆராதனை' என்றுதான் பேர். கத்தோலிக்கர்கள் 'திருப்பலி', 'பூசை' என்பார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் 'ஆராதனை' என்றால் பெரும்பாலும் பிரசங்கத்துக்கு முன்னால் வரும் அந்தப் பாட்டு நேரம். 'வொர்ஷிப் நல்லா இருந்துச்சு' என்று யாராவது சொன்னால், பேண்டு நல்லா வாசிச்சாங்க என்று அர்த்தம். இந்தக் கடைசி அர்த்தம்தான் இப்போ யூடியூப் வழியாக எல்லா சபைக்குள்ளும் வந்துவிட்டது.

பைபிளின் மூல மொழிகளில் இந்தச் சொல்லுக்குப் பின்னால் பாட்டே இல்லை. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் அதிகம் வரும் 'ப்ரோஸ்குனேயோ' என்ற சொல்லுக்கு விழுந்து பணிவது என்று பொருள். உடம்பால் செய்கிற செயல் அது. பழைய ஏற்பாட்டின் எபிரேயத்தில் இன்னொரு முக்கியமான சொல் 'அவோதா'. ஆலய வழிபாட்டுக்கும் அதே சொல், வயலில் செய்கிற வேலைக்கும் அதே சொல். இன்றைக்கும் இஸ்ரேலில் 'வேலைக்குப் போறேன்' என்று சொல்ல இந்தச் சொல்தான். அந்த நாட்டுத் தொழிலாளர் கட்சியின் பெயரிலும் இதுதான் இருந்தது.

தமிழ்க்காரங்களுக்கு இது ஆச்சர்யமா இருக்கக் கூடாது. நம்ம 'பணி' என்ற சொல்லை எடுத்துக்கோங்க. வேலையும் பணிதான், தலைவணங்குவதும் பணிதல்தான். ஆக, ஆராதனை என்பது மனசுக்குள் வருகிற ஒரு ஃபீலிங் என்ற எண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். அந்தப் பழைய சொற்களில் இருப்பது முழங்காலும் முதுகும் உழைப்பும்.

சரி, கை உயர்த்துவது? 'இதெல்லாம் புது ஸ்டைல்' என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். ரோம் நகரின் பாதாளக் கல்லறைகளில் இருக்கிற ஆதி கிறிஸ்தவ ஓவியங்களிலேயே இரண்டு கைகளையும் விரித்து உயர்த்தி ஜெபிக்கிற உருவங்கள் இருக்கின்றன. திருப்பலியில் குருவானவர் இன்றும் அப்படித்தான் ஜெபிக்கிறார். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்திலும் கை உயர்த்தி ஜெபிப்பது பற்றி வருகிறது. ஆனால் அங்கே ஒரு கண்டிஷன் கூடவே வருகிறது: கோபமும் தர்க்கமும் இல்லாமல் உயர்த்தணும். கையைவிட, அந்தக் கை வாரம் முழுக்க என்ன செய்தது என்பதில்தான் அவருக்குக் கவனம்.

கிணற்றடியில் நடந்த பேச்சு

உண்மையான ஆராதனை பற்றி இயேசு நேரடியாகப் பேசிய இடம் ஒன்றுதான் உடனே எல்லோருக்கும் ஞாபகம் வரும். யோவான் நற்செய்தி 4-ம் அதிகாரம். பேசிய இடம் ஆலயம் இல்லை, கிணற்றடி. கேட்டவர் சீடர் இல்லை, உச்சி வெயிலில் தனியாகத் தண்ணீர் எடுக்க வந்த ஒரு சமாரியப் பெண். யூதர்கள் சமாரியர்களோடு தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத காலம்.

பேச்சு போகிற வரிசையைக் கவனிங்க. முதலில் தண்ணீர் கேட்கிறார். பிறகு 'உன் கணவனைக் கூட்டிக்கொண்டு வா' என்ற மாதிரி ஒரு பேச்சு. 'எனக்குக் கணவன் இல்லை' என்கிறார் அந்தப் பெண். ஐந்து திருமணங்கள், இப்போது இருப்பவரும் கணவர் இல்லை என்கிற அவருடைய வாழ்க்கை அங்கே வெளியே வருகிறது. திட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. அதற்கு அடுத்த வரியிலேயே அந்தப் பெண் பேச்சை மாற்றுகிறார். 'எங்க முன்னோர்கள் இந்த மலையில தொழுதாங்க, நீங்க எருசலேம்லதான் தொழணும்னு சொல்றீங்க, எது சரி?' என்பதுதான் அவர் கேட்டதன் சாரம்.

சொந்த வாழ்க்கையைத் தொட்டால் உடனே 'எந்தச் சபை சரி' என்று பேச்சைத் திருப்புவது நமக்கும் பழக்கம்தானே!

அந்த மலை கெரிசீம். அங்கே சமாரியர்களுக்கு ஒரு கோயில் இருந்தது. கி.மு. 2-ம் நூற்றாண்டில் யூத ஆட்சியாளர் யோவான் ஹிர்கானஸ் அதை இடித்தார். ஆக, அந்தப் பெண் கேட்டது சும்மா வம்புக் கேள்வி இல்லை. இடிந்த கோயிலின் காயம் அதில் இருக்கிறது. இன்றும் சமாரியர்கள் இருக்கிறார்கள். ஆயிரம் பேருக்கும் குறைவு. அதே கெரிசீம் மலையில்தான் வருஷா வருஷம் பஸ்காவைக் கொண்டாடுகிறார்கள்.

இயேசுவின் பதில் இரண்டு மலைகளையும் தாண்டிப் போகிறது. இடம் முக்கியமில்லாமல் போகிற காலம் வருகிறது, ஆவியிலும் உண்மையிலும் தொழுகிறவர்களைத்தான் தந்தையாகிய கடவுள் தேடுகிறார் என்கிறார். இங்கே 'உண்மை' என்பதற்கான கிரேக்கச் சொல் 'அலேத்தேயா'. மறைக்கப்படாதது என்பது அதன் வேர்ப்பொருள் என்று சொல்வார்கள். இப்போ அந்தப் பேச்சின் வரிசையை மறுபடி பாருங்க. முதலில் மறைந்திருந்த வாழ்க்கை வெளியே வந்தது. அதற்குப் பிறகுதான் ஆராதனை பற்றிய பேச்சே வருகிறது. சரியான பாட்டு, சரியான கட்டிடம், சரியான மூட் இது எதுவும் அந்தக் கிணற்றடியில் இல்லை. ஒளித்து வைக்க எதுவும் இல்லாத ஒரு ஆள் மட்டும் இருந்தார்.

ஒரு சின்ன இடைச்செருகல். 'சின்சியர்' என்ற ஆங்கிலச் சொல் 'மெழுகு பூசாத' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, உடைந்த சிலையை மெழுகால் ஒட்டி ஏமாற்றாத சிற்பியைக் குறிப்பது என்று ஒரு கதையைப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீங்க. வாட்ஸ்அப்பிலும் சுற்றும். அழகான கதைதான். ஆனால் மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. கலப்படமில்லாத, முழுமையான என்பதுதான் அந்த லத்தீன் சொல்லின் பொருள். உண்மையாக இருப்பதைப் பற்றிப் பேசும்போதாவது உண்மையான கதையைச் சொல்லலாமே!

நடிகர்கள்

இயேசு அதிகம் கோபப்பட்டது குடிகாரர்கள் மேலேயோ, வரி வசூலித்தவர்கள் மேலேயோ இல்லை. பக்தியாகத் தெரிந்தவர்கள் மேல்தான். அவர்களை அவர் அழைத்த பெயரை நம்ம பழைய தமிழ் பைபிள் 'மாயக்காரர்' என்கிறது; கத்தோலிக்கர்கள் பயன்படுத்தும் திருவிவிலியம் 'வெளிவேடக்காரர்' என்கிறது. இரண்டுக்கும் மூலம் 'ஹுபோகிரித்தேஸ்' என்ற கிரேக்கச் சொல். மேடை நாடகத்தில் நடிப்பவருக்கு அந்தக் காலத்தில் இருந்த சாதாரணப் பெயர் அது.

மத்தேயு 6-ம் அதிகாரத்தில் மூன்று விஷயங்களைத் தொடுகிறார்: தர்மம், ஜெபம், உபவாசம். மூன்றிலும் பிரச்னை ஒன்றேதான். பார்க்க ஆள் இருந்தால்தான் அது நடக்கிறது. அதற்கு அவர் சொன்ன மருந்து ரொம்ப சிம்பிள்: அறைக்குள் போ, கதவைச் சாத்து.

இதை இப்போதைய காலத்துக்கு மாற்றிப் பார்த்தால் கொஞ்சம் சுடும். காலையில் ஜெபம் பண்றதுக்கு முன்னாடி திறந்த பைபிள், பக்கத்தில் காபி கப், ஜன்னல் வெளிச்சம் எல்லாம் செட் பண்ணி ஒரு ஸ்டோரி. அப்புறம் எத்தனை பேர் பார்த்தாங்கன்னு செக் பண்றது. பைபிள் வசனத்தை ஸ்டேட்டஸில் வைப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் யாரும் பார்க்க முடியாது என்று தெரிந்தால் அதே காலையில் அந்த பைபிளைத் திறந்திருப்பீங்களா? அந்தக் கேள்விக்கு உங்களுக்கு மட்டும்தான் பதில் தெரியும்.

அதே நேரம், அமைதியாக இருந்தால் உண்மை, ஆர்ப்பாட்டமாக இருந்தால் போலி என்ற கணக்கும் பைபிளில் இல்லை. தாவீது ராஜா உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னால் தெருவில் குதித்து ஆடினார். ஜன்னல் வழியாகப் பார்த்த மனைவி மீகாள், 'ராஜா பண்ற வேலையா இது' என்று மனசுக்குள் அவமதித்தார். கதை தாவீதின் பக்கம்தான் நிற்கிறது. பெத்தானியாவில் ஒரு பெண் 300 தெனாரியத்துக்கு மேல் விலைபோகக்கூடிய வாசனைத் தைலத்தை இயேசுவின் தலையில் ஊற்றினார். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. கிட்டத்தட்ட ஒரு வருஷச் சம்பளம்! சுற்றியிருந்தவர்கள் வீண் என்றார்கள். இயேசு அவர்களைத்தான் தடுத்தார். ஆகவே, உங்கள் சபையில் டிரம்ஸ் இருக்கிறதா, பைப் ஆர்கன் இருக்கிறதா என்பதை வைத்து எதையும் முடிவு பண்ண முடியாது. சத்தத்தைக் குறை சொல்கிற பெரியவர்களும் சரி, பழைய கீர்த்தனைகளை 'உயிரே இல்லாத பாட்டு' என்கிற இளைஞர்களும் சரி, ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள்.

அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிற அனனியா, சப்பீரா தம்பதியையும் பார்க்கணும். நிலத்தை விற்று அதில் ஒரு பகுதியைக் காணிக்கையாகக் கொண்டுவந்தார்கள். பகுதியைக் கொடுத்தது தப்பே இல்லை. பேதுருவே 'அது உன் கையில்தானே இருந்தது' என்கிற அர்த்தத்தில் பேசுகிறார். பகுதியைக் கொடுத்துவிட்டு முழுசையும் கொடுத்த மாதிரி நின்றதுதான் சிக்கல். அதனால், அரை மனசோடு சர்ச்சில் உட்கார்ந்திருப்பவர் போலி இல்லை. 'இன்னைக்கு எனக்கு அரை மனசுதான் இருக்கு' என்று கடவுளிடம் சொல்ல முடிகிறவர் நடிக்கவில்லை.

ஒண்ணுமே ஃபீல் ஆகலைன்னா?

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். பாடும்போது எதுவுமே தோன்றவில்லை என்றால்?

அன்னை தெரசா 1997-ல் இறந்தார். பத்து வருஷம் கழித்து, 2007-ல், அவர் தன் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதிய தனிப்பட்ட கடிதங்கள் புத்தகமாக வந்தபோது உலகமே அதிர்ந்தது. கொல்கத்தாவில் ஏழைகளுக்கான பணியைத் தொடங்கிய காலத்திலிருந்து கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு, ஜெபத்தில் கடவுள் இருப்பதை அவரால் உணர முடியவில்லை. வெறுமை, இருட்டு, மௌனம். தன்னுடைய புன்னகையே ஒரு போர்வையோ என்றுகூட அவருக்குச் சந்தேகம் இருந்தது. 'அப்போ அவங்க நடிச்சாங்களா?' என்று அப்போது சிலர் கேட்டார்கள். கத்தோலிக்கத் திருச்சபை அந்தக் கடிதங்களை வைத்துக்கொண்டேதான் 2016-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது. எதுவும் உணராமல் தினமும் விடியற்காலையில் எழுந்து முழங்கால் போட்டதை, அவர் பக்தியின் குறையாக இல்லை, அதன் ஆழமாகவே பார்த்தார்கள்.

எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. சந்தோஷமாக இருக்கும்போது பாடுவது பாட்டுப் பிடிக்கிற யாரும் செய்வதுதான்.

பைபிளின் பாட்டுப் புத்தகமான சங்கீதம் (கத்தோலிக்கர்களுக்குத் திருப்பாடல்கள்) இந்த விஷயத்தில் நம்ம வொர்ஷிப் லிஸ்ட்டைவிட எவ்வளவோ நேர்மையானது. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். 'ஏன் தூங்குறீங்க?', 'எவ்வளவு நாள்தான்?', 'ஏன் கைவிட்டீங்க?' என்று கடவுளையே நிற்க வைத்துக் கேட்பவை. பெரும்பாலானவை கடைசியில் ஒரு நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். 88-ம் சங்கீதம் மட்டும் திரும்பவே இல்லை; இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதையும் ஆராதனைப் பாட்டாகத்தான் தொகுத்து வைத்தார்கள். செமஸ்டரில் அரியர் விழுந்து, வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல், மனசே உடைந்து போய் வருகிற ஒரு பையன், எல்லாப் பாட்டும் 'சந்தோஷம், வெற்றி' என்று போகிற ஒரு கூட்டத்தில் நடிக்காமல் என்ன செய்வான்? அவனை நடிக்க வைப்பது அவன் மனசா, நாம் தேர்ந்தெடுக்கிற பாட்டா?

பாட்டை நிறுத்துங்கன்னு சொன்ன கடவுள்

இனி வருவதுதான் கஷ்டமான பகுதி. பைபிளில் ஆராதனையைக் கடவுளே வெறுத்துத் தள்ளுகிற இடங்கள் இருக்கின்றன. ஆமோஸ் என்ற தீர்க்கதரிசி கி.மு. 8-ம் நூற்றாண்டில் பேசியவர். ஆடு மேய்த்தவர், அத்திப்பழம் பறித்தவர். அவர் வாய்வழியாகக் கடவுள் சொல்வதன் சாரம் இது: உங்கள் பண்டிகைகள் எனக்குப் பிடிக்கவில்லை, உங்கள் பாட்டுச் சத்தத்தை நிறுத்துங்கள், நியாயம் ஆறாக ஓடட்டும். ஏன் இவ்வளவு கோபம்? அந்தப் பாட்டு பாடியவர்களுக்கு மனசு ஒன்றவில்லை என்பதால் இல்லை. அவர்கள் உருகித்தான் பாடியிருப்பார்கள். ஆனால் கள்ளத் தராசு வைத்திருந்தார்கள், ஏழையை ஒரு ஜோடிச் செருப்பு விலைக்கு விற்றார்கள். ஏசாயாவும் இதையேதான் சொல்கிறார், மீகாவும் இதையேதான்.

பைபிளில் போலி ஆராதனையின் அடையாளம் கவனச்சிதறல் இல்லை, பக்கத்து ஆளுக்குச் செய்கிற அநியாயம் என்பதை இங்கே புரிந்துகொள்ளலாம்.

மலைப் பிரசங்கத்தில் இயேசு இதை இன்னும் கூர்மையாக்குகிறார். காணிக்கையைப் பலிபீடத்தில் வைக்கப் போகும்போது, உன்மேல் ஒரு சகோதரனுக்கு மனக்குறை இருக்கு என்று ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போய் முதலில் சமாதானமாகு என்கிறார். இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கலிலேயாக்காரர்கள். பலிபீடம் இருந்தது எருசலேமில். நடுவில் 100 கிலோமீட்டருக்கும் மேல், சுமார் மூன்று நாள் நடை. போக மூன்று நாள், வர மூன்று நாள்! கேட்டவர்கள் சிரித்திருப்பார்களோ, வாயடைத்துப் போயிருப்பார்களோ தெரியாது. நமக்கு அவ்வளவு தூரம் இல்லை. காண்டாக்ட் லிஸ்ட்டில் நம்பர் இருக்கு. பிளாக் பண்ணியிருந்தால் எடுத்துவிட்டால் போதும்.

கொரிந்து சபையில் வேறொரு கதை. கர்த்தருடைய பந்தி என்று கூடுவார்கள். வசதியானவர்கள் முன்னாடியே வந்து சாப்பிட்டுக் குடித்து முடித்துவிடுவார்கள். உழைத்துவிட்டுத் தாமதமாக வருகிற ஏழைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது. பவுல் அதைக் கேள்விப்பட்டு, நீங்க சாப்பிடுறது கர்த்தருடைய பந்தியே இல்லை என்று எழுதுகிறார். திருநெல்வேலி, தூத்துக்குடி கிராமங்களில் இன்றும் நடக்கிற அசனத்தில் ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்போது, கொரிந்து தவறவிட்டது அங்கே நடக்கிறது. ஒன்றாக உட்கார்கிற இடங்களில் மட்டும்.

ஏனென்றால், தமிழ்க் கிறிஸ்தவத்துக்குள் இந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. வடக்கன்குளத்தில் 19-ம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கத்தோலிக்க ஆலயம் இரண்டு கால் உள்ள பேன்ட் மாதிரி அமைப்புடையது. ஒரு சாதிக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு இன்னொரு பக்கம், சேருகிற இடத்தில் பலிபீடம். ஒரே இயேசுவைப் பார்த்துக்கொண்டே ஒருவரையொருவர் பார்க்காமல் பூசை காணலாம். 1910-ல் பாதிரியார்கள் அந்தத் தடுப்பை எடுத்தபோது அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். மெட்ராஸ் உயர் நீதிமன்றம் வரை போய் அவர்கள் தோற்றார்கள். சில ஊர்களில் கல்லறைத் தோட்டங்களில்கூட சாதிச் சுவர்கள் உண்டு.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரை (1774 - 1864) எடுத்துக்கோங்க. இன்றும் எந்தத் தமிழ்ச் சபைக்குப் போனாலும் அவருடைய கீர்த்தனைகள் இருக்கும். சரபோஜி மன்னரோடு ஒன்றாகப் படித்தவர். மன்னரே கேட்டும் வேறு தெய்வத்தைப் பாட மறுத்துவிட்டார் என்று அவரைப் பற்றிச் சபைகளில் பெருமையாகச் சொல்வார்கள். அவருடைய பக்தி உண்மையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதே சாஸ்திரியார், சபைக்குள் சாதி வேறுபாடுகளை விடச் சொல்லி அன்றைய இளைய மிஷனரிகள் கட்டாயப்படுத்தியபோது, அதை எதிர்த்து எழுதினார். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை அடியோடு விட வேண்டும் என்று ஆணையிட்டபோது தஞ்சை, திருச்சிப் பக்கம் பல குடும்பங்கள் சபையை விட்டே போயின.

இதைச் சொல்வது அவருடைய பாட்டைப் பாட வேண்டாம் என்பதற்காக இல்லை. நானும் விரும்பிக் கேட்பவன்தான். மனசு உருகுவதும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனை மனுஷனாக ஏற்காமல் இருப்பதும் ஒரே ஆளுக்குள் ஒன்றாகக் குடியிருக்க முடியும். அதனால்தான் 'நான் உண்மையா ஃபீல் பண்ணினேன்' என்பது மட்டும் ஆராதனைக்குப் போதுமான சாட்சி ஆகாது.

பேண்டை நிறுத்திய சபை

இங்கிலாந்தில், லண்டனுக்குப் பக்கத்தில் வாட்ஃபோர்டில், 1990-களில் ஒரு சபை இளைஞர்களின் இசை ஆராதனைக்குப் பேர் போனது. ஒரு கட்டத்தில் போதகருக்கு நெருடல் வந்தது. ஜனங்கள் ஆராதிக்க வருகிறார்களா, பாட்டை ரேட் பண்ண வருகிறார்களா? சவுண்ட் சிஸ்டத்தையும் பேண்டையும் கொஞ்ச காலம் எடுத்துவிட்டார்கள். வெறும் குரல். முதலில் சங்கடமான மௌனம், பிறகு ஜனங்கள் தாங்களாகவே பாடவும் ஜெபிக்கவும் ஆரம்பித்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து அங்கே பாட்டு நடத்திய மேட் ரெட்மேன் எழுதியதுதான் 'தி ஹார்ட் ஆஃப் வொர்ஷிப்'. இசை போன பிறகு என்ன மிஞ்சும் என்று கேட்கிற அந்தப் பாட்டை இப்போ ஸ்மோக் மெஷின், எல்.இ.டி. திரையோடு பாடுகிறார்கள் என்பது வேறு காமெடி.

இந்தக் கதையைப் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் அதற்குப் பிறகும் ஒன்று நடந்தது. அந்தப் போதகர் இளைஞர்களிடம் தன் பதவியைத் தவறாகப் பயன்படுத்தினார் என்ற புகார்களை இங்கிலாந்துத் திருச்சபை விசாரித்து, 2023-ல் அவற்றை உறுதி செய்தது. பாதிக்கப்பட்டவர்களில் தானும் ஒருவன் என்று ரெட்மேனே வெளிப்படையாகப் பேசினார். ஸ்பீக்கரை அணைத்தது நல்ல விஷயம்தான். அணைக்க வேண்டியது அது மட்டும் இல்லை என்பதை ஆமோஸ் படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அடுப்படியிலும்

ஆராதனை என்றால் வேலையும் சேர்த்துத்தான் என்று ஆரம்பத்தில் பார்த்தோமே, அதற்கு ஒரு ஆள். பேர் நிக்கோலா ஹெர்மன். 17-ம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர். போர்வீரராக இருந்து காயம்பட்டு, பாரீஸில் ஒரு கார்மல் மடத்தில் சேர்ந்தார். படிப்பில்லாததால் குருவாக முடியவில்லை. சமையலறைக்கு அனுப்பினார்கள். அவருக்குப் பிடிக்காத வேலை அது. வருஷக்கணக்கில் பாத்திரம் தேய்த்தார், சமைத்தார், பின்னாளில் செருப்புத் தைத்தார். சகோதரர் லாரன்ஸ் என்பது மடத்தில் அவருக்கு வைத்த பேர். ஜெப நேரம், வேலை நேரம் என்று தனக்கு இரண்டு இல்லை, அடுப்படிச் சத்தத்துக்கு நடுவிலும் கடவுளோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன் என்பது அவர் சொன்னதன் சுருக்கம். 1691-ல் இறந்தார். அவருடைய கடிதங்களையும் உரையாடல்களையும் தொகுத்து வந்த சின்னப் புத்தகம் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் இரண்டு பக்கமும் இன்னும் படிக்கப்படுகிறது. மனசு அலைபாய்வது பற்றியும் அவர் பேசியிருக்கிறார். அலைந்தால் அதற்காக உட்கார்ந்து வருத்தப்படாதே, அமைதியாகத் திரும்பிக் கூட்டிக்கொண்டு வா, அவ்வளவுதான் என்பார். மேட்ச் ஞாபகம் வந்ததற்காகக் குற்றவுணர்ச்சியில் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்!

நம்ம ஊர் அடுப்படிகளிலும் இது உண்டு. சோறு வைக்க அரிசி எடுக்கும்போது, அதிலிருந்து ஒரு பிடியைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்து, சேர்ந்ததும் சர்ச்சுக்குக் கொண்டுபோகிற பழக்கம் பாட்டிமார்களிடம் கேட்டால் தெரியும். மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் இதை 1910-லிருந்து ஒரு அமைப்பாகவே செய்து வருகிறார்கள். வசதியே இல்லாத வீட்டிலும் ஒரு பிடி எடுக்க முடியும். வாங்குகிறவருக்கு அது யார் வீட்டு அரிசி என்று தெரியாது. ஃபோட்டோ இல்லை, ரசீது இல்லை. மத்தேயு 6-க்கு இதைவிடப் பக்கமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

போனில் பார்த்தால் கணக்கில் வருமா?

2020 மார்ச்சில் ஆலயங்கள் மூடப்பட்டபோது எல்லோருக்கும் வந்த கேள்வி இது. அந்த மாதம் 27-ம் தேதி மழையில் நனைந்த, ஆளே இல்லாத புனித பேதுரு சதுக்கத்தில் போப் பிரான்சிஸ் தனியாக நின்று ஜெபித்ததை உலகமே திரையில்தான் பார்த்தது. அந்த வருஷம் ஈஸ்டரும் வீட்டு ஹாலில்தான் நடந்தது. சாதாரண நாள்களில், உடம்பு நன்றாக இருக்கிற ஒருவர் திரையில் திருப்பலி பார்ப்பது ஞாயிறு கடமைக்கு ஈடாகாது என்பது கத்தோலிக்க நிலைப்பாடு. அப்பத்தையும் ரசத்தையும் திரை வழியாக வாங்க முடியாதே. புராட்டஸ்டன்ட் சபைகளில் கருத்துகள் பலவிதம். சோம்பலுக்காகப் படுக்கையில் சாய்ந்தபடி, 1.5 ஸ்பீடில் பிரசங்கம் கேட்டுவிட்டு 'அட்டெண்ட் பண்ணிட்டேன்' என்பது உங்களுக்கே கொஞ்சம் உறுத்தும். உறுத்தணும்.

ஆனால் நோயாளிகளுக்கும் படுக்கையில் இருப்பவர்களுக்கும் கதை வேறு. அவர்கள் வீட்டுக்கு ஐயரோ ஃபாதரோ நற்கருணையைத் தூக்கிக்கொண்டு போவது காலங்காலமாக இருக்கிறது. இப்போ அதோடு பேரன் கையில் இருக்கிற போனும் சேர்ந்திருக்கிறது. எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். தலையணையில் சாய்ந்து, முக்காடு போட்டுக்கொண்டு, சின்னத் திரையைப் பார்த்துக் கைகூப்பி, எல்லா ஜெபத்துக்கும் 'ஆமென்' சொல்கிற ஒரு பாட்டி. நடுவில் பஃபரிங் ஆகும். விட்ட இடத்திலிருந்து பாட்டை அவரே மனப்பாடமாக முடித்துவிடுவார். காணிக்கை நேரம் வந்ததும் தலையணைக்கு அடியிலிருந்து பத்து ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து, நீவி, பைபிளுக்குள் வைப்பார். அடுத்த வாரம் சர்ச்சுக்குப் போகிற யார் கையிலாவது கொடுத்துவிட.